சிறு விமானமும் பெருஞ் சரித்திரமும்

சிறியதைக் கொண்டு பெரியதை அறிதல் எம் முன்னோர்க்குப் புதியதொரு வித்தையன்று. ஒரு சாண் உயரத்தில் உற்சவ மூர்த்தியை வார்க்கும் சிற்பியும், ஆளுயரத்துக்கு மேலாகக் கருங்கல்லிற் பேருருச் செதுக்கும் சிற்பியும் தாளம், அங்குலம் என்னும் அதே அளவு முறையையே கையாண்டனர். உரு சிறுக்கலாம், பெருக்கலாம். முகத்துக்கும் உடலுக்கும் உள்ள விகிதம் மாறலாகாது. விகிதம் மாறினால் அது விக்கிரகமன்று, வெறும் உலோகமே என்பது அவர் கொள்கை.

இன்று எமது தீவகத்து இளைஞர் சிலர், மாலை வேளைகளில் மேசையிற் குனிந்திருந்து, கையடக்கமான போர் விமானங்களை உருவாக்கி வர்ணந் தீட்டுகின்றனர். காண்போர் சிலர் இதனைப் பிள்ளை விளையாட்டென்று நகைக்கின்றனர். வேறு சிலர் மனம் நோகின்றனர். இரு சாராருக்கும் விடை கூற வேண்டிய கடமை எமக்குண்டு. ஆதலின் இக்கலை எவ்வாறு பிறந்தது, எமது இலங்கைத் தீவோடு அதற்குள்ள தொடர்பு யாது, அதனால் நாம் பெறும் பயன் யாது என்பவற்றை இம்மலரில் ஒருவாறு ஆராய்வோம்.

1942ஆம் ஆண்டின் சித்திரை

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் மூண்டபோது இலங்கை அதனைத் தொலைவிலிருந்தே கேட்டது. 1942ஆம் ஆண்டு பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது; மார்ச்சில் இறங்கூனும் வீழ்ந்தது. அதன் பின்னர் வங்காள விரிகுடாவின் காவல் இலங்கையின் தலையிலேயே பொறுத்தது. கொழும்பும் திருகோணமலையும் பிரித்தானியக் கடற்படையின் புகலிடங்களாயின. அம்மார்ச்சிலேயே ‘இன்டொமிற்றபிள்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் பறந்து வந்து இலங்கையில் இறங்கின. இறத்மலானையில் 30ஆம் படையணியும், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் 258ஆம் படையணியும், திருகோணமலை சீனக்குடாவில் 261ஆம் படையணியும் நிலைகொண்டன. குதிரையோடிய புற்றரை விமானமோடும் பாதையாயிற்று. இன்று அவ்விடத்தில் விளையாட்டு மைதானமும் கடைத்தொகுதியுமே உள்ளன.

ஏப்பிரில் 4ஆந் திகதி, தென்னிலங்கைக் கொக்கலையிலிருந்து பறந்த ‘கற்றலைனா’ என்னும் நீர்விமானமொன்று, தென்கிழக்கே யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அதனைச் செலுத்தியவர் கனேடிய ஆகாயப்படையின் 413ஆம் படையணியைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சல் என்பவர். செய்தி முற்றும் அனுப்பி முடியுமுன்னரே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் சிறைப்பட்டார். மறுநாள் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிற்றுக்கிழமை. அட்மிரல் நகுமோவின் கீழிருந்த ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட நூற்றிருபதுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முன்னறிவிப்பு வேளைக்கு எட்டாமையால், இறத்மலானை விமானிகள் பகைவரைத் தலைக்குமேற் கண்ட பின்னரே மேலெழ நேர்ந்தது. திருகோணமலையிலிருந்து கொழும்பு நோக்கி வந்த ஆறு ‘சுவோட்பிஷ்’ விமானங்கள் வழியிலேயே யப்பானியரிடம் அகப்பட்டு ஆறும் வீழ்ந்தன. அன்றைய தினமே ‘கோண்வால்’, ‘டோசெற்ஷயர்’ என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களும் கடலுள் மூழ்கின.

9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வரையப்பெற்ற முதற் கப்பலாகிய ‘ஹேர்மிஸ்’, தன் விமானங்களைக் கரையில் விட்டுவிட்டு வெறுந்தளத்தோடு சென்ற வேளையில், மட்டக்களப்புக்கு அப்பால் அமிழ்த்தப்பட்டது. அதில் 300க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கொழும்பிற் குண்டு விழுந்த செய்தி வடபகுதிக்கு எட்டியதும் நேர்ந்தவற்றை எமது மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். கொழும்பிற் கடை வைத்திருந்தோரும் கந்தோரில் வேலை பார்த்தோரும் தம் பெண்டு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினர். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஆகிய ஊர்களின் வீடுகளில் அடுப்புகள் பெருகின. சில காலத்திற்குள் காங்கேசன்துறையிலும் ஆகாயப்படைத்தளம் அமைந்தது. நான்கு இயந்திரங்களையுடைய ‘லிபரேற்றர்’ என்னும் பெரு விமானங்கள் அங்கிருந்து கடலின்மேல் நெடுந்தூரம் பறந்தன. அதே தளத்தில் 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி, ‘எயர் சிலோன்’ கம்பனியின் முதற் பயணத்தில், ‘சீதாதேவி’ என்னும் டக்கோட்டா விமானம் இறங்கிச் சென்னைக்குப் பறந்தது. டக்கோட்டாவும் போர்க்காலத்திற் படைவீரரைச் சுமந்த விமான இனமே. பலாலியின் வரலாறு இங்ஙனம் போரில் முளைத்தது.

அடையாளந் தவறினால்

இனி, மாதிரி விமானக் கலையின் பிறப்பைக் காண்போம். 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ‘ஸ்கைபேட்ஸ்’ என்னும் பெயரில் மரத்தாலான சிறு விமானப் பகுதிகள் பெட்டியில் விற்கப்பட்டன. அவை உண்மை விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஆறடிக்கு ஓரங்குலம் என்பது கணக்கு. 1936ஆம் ஆண்டில் ‘புறொக்’ என்னும் நிறுவனத்தார் அதே அளவிற் பிளாஸ்ரிக்காற் செய்த பகுதிகளை வெளியிட்டனர். இவை பொழுதுபோக்காகவே தொடங்கின. அவற்றை உயிர்காக்குங் கருவியாக மாற்றியது போரே.

1939ஆம் ஆண்டு செப்ரெம்பர் 6ஆந் திகதி, போர் தொடங்கி மூன்றே நாட்கள் சென்ற நிலையில், இங்கிலாந்தின் வானில் ஓர் அவலம் நேர்ந்தது. பிரித்தானியரின் ‘ஸ்பிற்பயர்’ விமானங்கள் பிரித்தானியரின் இரண்டு ஹரிக்கேன்களையே பகைவரென மயங்கிச் சுட்டு வீழ்த்தின. இளம் விமானி ஒருவர் தம்மவர் குண்டுக்கே இரையானார். கண்ணுக்குப் புலனாகும் ஒரு சில விநாடிக்குள் நண்பன் யார், பகைவன் யார் என அறியாவிடின் வீரமும் வீணே என்பதை அந்நாள் உணர்த்தியது.

இதன் பின்னரே விமானங்களை அடையாளங் காணும் பயிற்சிக்கு மாதிரி விமானங்கள் பெருமளவில் வேண்டப்பட்டன. 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தது. ஐம்பது வகை விமானங்கள், வகைக்குப் பத்தாயிரம், ஆக ஐந்து இலட்சம் மாதிரிகள் தேவை என்றது. எல்லாம் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. வெளிவடிவம் மட்டுமே மனத்திற் பதியவேண்டும் என்பதற்காக அவற்றுக்குக் கறுப்பு வர்ணமே பூசினர். பிள்ளைகள் மரத்தைச் செதுக்கினர். அளவு பிழைத்தவை தள்ளப்பட்டன. தேறியவை படைமுகாம்களிற் கூரையிலிருந்து நூலிற் தொங்கின. துப்பாக்கி வீரர் அவற்றை அண்ணாந்து பார்த்துப் பழகினர். ஒரு பள்ளிச் சிறுவனின் அரத்தின் நேர்மை, ஆயிரம் மைலுக்கப்பால் ஒரு விமானியின் உயிரைக் காத்திருக்கவுங் கூடும். அளவிற் சரியாயிருத்தல் என்னும் பிடிவாதம் இக்கலைக்கு வந்த வரலாறு இதுவே.

போர் ஓய்ந்த பின்னர் இது மீண்டும் வீட்டு மேசைக்கு வந்தது. 1939இல் இங்கிலாந்தில் தொடங்கி, ஆரம்பத்திற் காற்றடைத்த இறப்பர் விளையாட்டுப் பொருள்கள் செய்துவந்த ‘எயர்பிக்ஸ்’ நிறுவனம், 1950ஆம் ஆண்டுகளில் ‘ஸ்பிற்பயர்’ மாதிரியை இரண்டு சிலிங்குக்கு விற்றது. அதில் வடிவப் பிழைகள் மலிந்திருந்தன. ஆகையால் ஒரு சில ஆண்டுகளில் வேறொரு ஸ்பிற்பயரை அதனிடத்தில் வெளியிட்டனர். யப்பானில் சிசுவோக்கா நகரில் 1946இல் மரத்தொழிலாகத் தொடங்கிய ‘தமியா’, மர மாதிரிகளிலிருந்து 1960இற் பிளாஸ்ரிக்குக்கு மாறி உலகப் புகழ் பெற்றது. வென்ற நாட்டாரும் தோற்ற நாட்டாரும் ஒரே விமானங்களை ஒரே அளவிற் செய்து, ஒருவர் பெட்டியை மற்றவர் விலைகொடுத்து வாங்கும் காலம் வந்தது.

ஹரிக்கேனைச் செய்வது எவ்வாறு

இலங்கையின் வானைக் காத்த ஹரிக்கேனையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எம் வீடுகளில் எரிந்த ‘அரிக்கன் லாம்பு’ என்னும் பெயரும் இப்பெயரும் ஒரு சொல்லின் இரு வடிவங்களே. இரண்டும் புயலைக் குறித்து எழுந்தவை. சிட்னி காம் என்பவர் வரைந்த இவ்விமானம் 1935ஆம் ஆண்டு நவம்பர் 6ஆந் திகதி முதன்முதற் பறந்தது. பதினாலாயிரத்துக்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. இந்திய ஆகாயப்படையின் படையணிகளும் இதனையே பர்மாப் போர்முனையிற் செலுத்தின.

இறக்கையின் அகலம் 40 அடி. எழுபத்திரண்டாற் பிரித்தால் ஆறங்குலமும் மூன்றில் இரண்டு பங்கும் வரும். நீளம் ஏறத்தாழ 32 அடி. மாதிரியில் ஐந்தங்குலமும் மூன்றிலொன்றும். மாதிரியில் அரையங்குலம் பிழைத்தால் உண்மை விமானத்தில் அது மூன்றடிப் பிழை. அங்குலத்திற் பதினாறிலொரு பங்கு பிழைத்தாலும் நாலரை அங்குலப் பிழை. கணிதத்தை வெறுக்கும் பிள்ளைக்கு விகிதத்தை விருப்போடு கற்பிக்க இதனினும் நல்ல ஆசிரியர் அரிது.

பெட்டியில் வரும் பிளாஸ்ரிக் பகுதிகள் கிடையாவிடத்து மரமே துணை. மேனாட்டார் தென்னமெரிக்காவிலிருந்து வரும் பால்சா மரத்தைக் கையாள்வர். எமக்கோ வேலியோரத்து முருக்கு உண்டு. நன்கு உலர்ந்த முருக்கங் கட்டை இலேசானது. சிறு கத்திக்கும் இணங்கும். முதலிற் படத்தைக் கட்டமிட்டுச் சரியான அளவில் வரைதல் வேண்டும். பின்னர் உடலின் குறுக்கு வடிவங்களை மட்டையில் வெட்டி, செதுக்குந்தோறும் அவ்வச்சை வைத்து ஒத்துப்பார்த்தல் வேண்டும். கண்ணை நம்பிச் செதுக்குவோர் பெரும்பாலும் மூக்கைப் பருக்கவும் வாலைத் தடிக்கவும் விட்டுவிடுவர்.

இவ்விமானத்தின் உள்ளமைப்பை அறிந்தவனே அதன் வெளியைச் சரியாகக் காட்டுவான். ஹரிக்கேனின் பின்னுடல் முழுவதும் உலோகத் தகடன்று. உலோகக் குழாய்ச் சட்டத்தின்மேல் மரச் சலாகைகளை நீளவாக்கில் வைத்து, அதன்மேற் துணி போர்த்தி வர்ணம் பூசினர். ஆகவே பின்னுடலில் மெல்லிய வரிகள் ஓடும். மூக்கின் கீழ்ப்புறத்தில், வெப்பநாட்டுப் புழுதியை வடிக்குங் கருவியொன்று தாடைபோற் புடைத்து நிற்கும். குளிர்நாட்டில் நின்ற ஹரிக்கேனுக்கும் எம் நாட்டில் நின்றதற்கும் உள்ள வேற்றுமையை அத்தாடையே சொல்லிவிடும்.

ஒரு சிவப்புப் புள்ளி

வர்ணந் தீட்டுதலில்தான் சரித்திர அறிவு பெரிதுஞ் சோதிக்கப்படுகின்றது. பிரித்தானியர் சில களங்களில் மண்நிறமும் கரும்பச்சையும் மேலே பூசினர். பாலைவனக் களங்களில் மண்நிறமும் மணல்மஞ்சளும் மேலே, வானீலம் கீழே எனப் பூசினர். எந்த விமானம், எந்தப் படையணி, எந்த மாதம் என்று தீர்மானித்து, அக்காலப் புகைப்படத்தைத் தேடி ஒத்துப்பார்த்த பின்னரே தூரிகையை எடுத்தல் வேண்டும்.

இறக்கையிலுள்ள வட்டச் சின்னத்தைக் கவனியுங்கள். நீலம், வெள்ளை, நடுவிற் சிவப்பு என்பது பிரித்தானிய வழக்கு. யப்பானியரின் சின்னமோ தனிச் சிவப்புச் சூரியன். வேகமாகப் பறக்கும் விமானத்தின் நடுச்சிவப்பை மட்டுங் கண்டு, தம்மவரைப் பகைவரென மயங்கிச் சுடும் ஆபத்து இருந்தது. ஆதலின் 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் இப்பகுதிகளில் நின்ற பிரித்தானிய விமானங்களில் அச்சிவப்பை மறைத்து வர்ணம் பூசினர். பின்னர் கடுநீலமும் இளநீலமுமே கொண்ட சின்னம் வழங்கிற்று. எனவே உயிர்த்த ஞாயிறன்று கொழும்பின்மேற் பொருத ஹரிக்கேனுக்குச் சிவப்புப் புள்ளி வேண்டும்; 1944இல் நின்றதற்கு அது கூடாது. நெல்மணியளவான ஒரு புள்ளிக்குள் இரண்டாண்டுச் சரித்திரம் அடங்கிக் கிடக்கின்றது.

எதிர்ப்பக்கத்தையும் அதே நேர்மையோடு செய்தல் வேண்டும். சிறோ ஹொறிகோஷி என்பவர் வரைந்த ‘சீறோ’ விமானம் 1939 ஏப்பிரில் 1ஆந் திகதி முதன்முதற் பறந்தது. 1940ஆம் ஆண்டு யப்பானியர் கணக்கில் 2600ஆம் ஆண்டாதலின், அதன் கடைசிப் பூச்சியமே விமானத்தின் பெயராயிற்று. கப்பலின் உயர்த்திக்குள் அடங்குமாறு இறக்கை நுனிகள் மடியும். அதன் நிறம் வெண்சாம்பல் என்றே நெடுங்காலம் பலர் தீட்டிவந்தனர். எஞ்சிக்கிடந்த தகட்டுத் துண்டுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தோர், பசுமையும் பழுப்பும் தோய்ந்த சாம்பல் நிறமே உண்மைக்கு அண்மையது என வாதித்தனர். நூலிற் கண்டதையே முடிந்த முடிபெனக் கொள்ளாது, எச்சத்தையும் எடுத்துப் பார்க்கவேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

வர்ணத்தை மெல்லியதாகக் கரைத்து, இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் உலர்ந்த பின்னரே பூசுக. தடித்துப் பூசினால் அரும்பாடுபட்டுக் கீறிய வரிகள் மறைந்துபோம். உண்மை விமானத்தின் கடுநிறத்தை அப்படியே சிறு உருவிற் பூசினால் அது அளவுக்கு மிஞ்சி இருண்டு தோன்றும். தூரத்துப் பொருள் வெளிறித் தோன்றுவது இயல்பாதலின், வெள்ளை சிறிது கலந்து இளக்குவர் வல்லோர்.

பெரியோரின் கேள்வி

இத்தொழிலைப் பார்த்த எமது மூத்தவர் ஒருவர் எம்மிடம், “தம்பிமார், மேலை இரைச்சல் கேட்டால் இப்பவும் எனக்கு நெஞ்சு பதறுது. நீங்கள் அதையே செய்து மேசையிலை வைச்சு அழகு பார்க்கிறியளோ?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. ‘பொம்பர்’ என்றும் ‘சகடை’ என்றும் எம்மவர் பெயரிட்டழைத்த விமானங்கள் எம் தலைக்குமேற் சுற்றிய காலம் நெடுங்காலத்துக்கு முந்தியதன்று. வளவுகளிற் பங்கர் வெட்டி, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அதற்குள் ஒடுங்கியிருந்த தாய்மார் இன்னும் எம்மோடு வாழ்கின்றனர். 1990ஆம் ஆண்டு ஆகஸ்டில் தீவகத்தார் பலர் வீடுவாசலை விட்டு ஓடினர். 1995ஆம் ஆண்டு யூலை 9ஆந் திகதி நவாலித் தேவாலயத்திற் தஞ்சமிருந்தோர் மேற் குண்டு விழுந்து நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவற்றை மறந்து விமானத்தின் அழகைப் பாடுவோமாயின் நாம் மனிதரல்லோம்.

ஆயினும் மறவாமைக்கே இத்தொழில் என்பது எம் விடை. 1942இல் கொழும்பின்மேல் வந்தவர்களின் குண்டுகள் துறைமுகத்தில் மட்டும் வீழவில்லை. அங்கொடை மனநோயாளர் வைத்தியசாலையிலும் வீழ்ந்தன. வானிலிருந்து பார்ப்பவனுக்கு வைத்தியசாலையும் தொழிற்சாலையும், கோயிலும் கொத்தளமும் ஒன்றுபோலத் தோன்றும். அப்படித் தோன்றியதால் நேர்ந்த அழிவு ஒரு நாட்டுக்கோ ஓர் இனத்துக்கோ உரியதன்று. இதனை நூலிற் படிப்பவன் மறந்துபோகலாம். மாதங்கணக்காகக் கையால் இழைத்தவன் மறவான்.

அன்றியும், ஆறடிக்கு ஓரங்குலம் என்னும் கணக்கில் மனிதன் எவ்வளவு? ஆறடி மனிதன் ஓரங்குலமே. விமானி இருக்கையில் அவ்வோரங்குல மனிதனை இருத்தி வர்ணந் தீட்டும்போது, அவனும் இருபது வயதையொட்டிய ஒரு தாயின் மகன் என்பதும், அவனைச் சுற்றியிருந்தது துணியும் சலாகையுமே என்பதும் உள்ளத்திற் தைக்கும். அதே அளவில் ஒரு குடிசையையும் அதன் வாசலில் நிற்கும் ஒரு பெண்ணையும் செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவளும் ஓரங்குலமே. யுத்தத்தின் நியாய அநியாயத்தை விளக்க வேறு பிரசங்கம் வேண்டாம்.

இக்காரணத்தால் எமக்குள் மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். ஒன்று, திகதியும் இடமும் அறியாத விமானத்தைச் செய்வதில்லை. இரண்டு, இரு பக்கத்து விமானங்களையும் ஒரே கவனத்தோடு செய்வது. மூன்று, ஒவ்வொரு மாதிரியின் அடியிலும் ஓர் அட்டை வைத்து, அன்று ஆகாயத்திலும் தரையிலும் மாண்டோரைப்பற்றி அறிந்தவற்றை எழுதுவது. இவ்விதிகளைச் சொன்னபோது அம்மூத்தவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் ஹரிக்கேனைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்து, “கொழும்பிலை குண்டு போட்ட வருஷம் ஐயா கடையைப் பூட்டிப்போட்டு வந்தவராம், அம்மா சொல்லுவா” என்று தொடங்கினார். அன்றைய மாலை எங்களில் ஒருவரும் தூரிகையைத் தொடவில்லை, எழுதுகோலையே எடுத்தோம்.

எம் கடலுக்கும் ஒரு கடன்

ஈற்றில் ஒன்று கூறி முடிப்போம். அளந்து செய்யும் இவ்வித்தை கைவந்த இளைஞர், அதனைப் பிறநாட்டு விமானங்களோடு நிறுத்திவிடலாகாது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவராற் கொள்வனவு செய்யப்பெற்று, 1938ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர்த் துறையை அடைந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு அடி நீளமான அக்கப்பல், இதே அளவிற் பதினைந்து அங்குலமாகும். ஒரு மேசையில் அடங்கும். ஊர்காவற்றுறையிற் பாய் விரித்த வத்தைகளையும் தோணிகளையும் அறிந்த முதியோர் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவர். அவர்கள் இருக்கும்போதே பாய்மரத்தின் உயரமென்ன, பலகையின் அகலமென்ன, கயிறு கட்டும் முறை யாது என்று கேட்டு, அளந்து, வரைந்து, செய்து வைத்தல் எம் கடன்.

இளைஞர்காள்! உங்கள் கைத்திறனை அளவுகோலுக்கு அடங்கி நடக்கப் பழக்குங்கள். பெரியோர்காள்! மேசைக்கு அருகில் வந்து அமருங்கள். நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். கை செய்வதும் வாய் சொல்வதும் ஒன்றுகூடினாலன்றி எமது தீவகத்தின் சரித்திரம் முழு அளவில் அமையாது.